காதில் ஒரு பொத்தான்

பழைய பொம்மை ஒன்றைக் கையில் எடுத்தால் நாம் முதலில் அதன் முகத்தைப் பார்ப்போம். பழம்பொருள் சேகரிப்பவர்கள் அப்படிச் செய்வதில்லை. அவர்கள் அதன் இடக்காதைத் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே பட்டாணியைவிடச் சிறிய உலோகப் பொத்தான் ஒன்று பதிக்கப்பட்டிருந்தால் அவர்களின் முகம் மலரும். பொத்தான் கழன்று போயிருந்தாலும், அது இருந்த இடத்தில் சிறு துளை ஏதும் தெரிகிறதா என்று கண்ணாடி வைத்துத் தேடுவார்கள்.

பெட்டாலிங் ஜெயாவில் வார இறுதிகளில் கூடும் பழம்பொருள் சந்தையில்தான் இதை நான் கற்றுக்கொண்டேன். பழைய நாணயங்களுக்கும் பீங்கான் தட்டுகளுக்கும் இசைத்தட்டுகளுக்கும் நடுவே ஒரு கரடி பொம்மை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் விலையைக் கேட்டேன். கடைக்காரர் வயது முதிர்ந்த சீனர். விலையைச் சொல்லும் முன், "காதைப் பாருங்கள்" என்று மலாய் மொழியில் சொன்னார். பார்த்தேன். பொத்தானில் 'ஸ்டைஃப்' என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பேரம் பேசி அதை வாங்கி வந்தேன்.

கரடி என் முழங்கை நீளம்கூட இல்லை. ஒரு காலத்தில் தேன் நிறத்தில் இருந்திருக்க வேண்டும். இப்போது காய்ந்த வைக்கோலின் நிறம். நெற்றியிலும் மார்பிலும் உரோமம் தேய்ந்து, உள்ளே இருக்கும் நெசவு தெரிந்தது. யாரோ ஒரு குழந்தை பல ஆண்டுகள் முத்தமிட்ட இடமும் கட்டிப்பிடித்த இடமும் அவைதாம். வலப்பாதத்தின் அடித்துணி கிழிந்து, அதன் வழியே மெல்லிய மர இழைகள் எட்டிப் பார்த்தன.

அந்த மர இழைகள் எனக்கு வியப்பளித்தன. இன்று நம் கடைகளில் கிடைக்கும் பொம்மைகளுக்குள் செயற்கைப் பஞ்சு இருக்கும். அந்தக் காலத்துக் கரடிகளுக்குள் மரத்தை நூல்போலச் சீவி எடுத்த இழைகளைத் திணித்தார்கள். அழுத்தினால் உள்ளே 'சரசர' என்று ஓசை கேட்கும். மேலே போர்த்தியிருப்பது அங்கோரா ஆட்டின் உரோமத்தில் நெய்த மொஹேர் துணி. கையும் காலும் தலையும் தனித்தனியாகத் தைக்கப்பட்டு, உள்ளே வட்டத் தகடுகளால் உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். அதனால் கரடியை உட்கார வைக்கலாம், கையைத் தூக்க வைக்கலாம், தலையைத் திருப்பலாம். மூக்கு மட்டும் எந்த இயந்திரமும் செய்ததன்று. கறுப்பு நூலால் ஒருவர் தம் கையால் தைத்தது.

யார் அவர்? அந்தப் பொத்தானில் இருந்த பெயர் யாருடையது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியபோது, நான் ஜெர்மனியின் தென்பகுதியில் பிரென்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் கீங்கன் என்ற சிறு நகரத்திற்கும், அங்கே வாழ்ந்த ஒரு தையற்காரப் பெண்ணிடமும் போய்ச் சேர்ந்தேன்.

மார்கரெட்டே ஸ்டைஃப் 1847ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் கீங்கனில் பிறந்தார். தந்தையார் கட்டுமானத் தொழிலில் இருந்தவர். ஒன்றரை வயதில் அக்குழந்தையைக் கடுங்காய்ச்சல் தாக்கியது. காய்ச்சல் தணிந்தபோது இரு கால்களும் செயலிழந்திருந்தன. வலக்கையைத் தூக்கினால் வலித்தது. வந்தது இளம்பிள்ளைவாதம். அந்நோய்க்கு அன்று மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. பெற்றோர் மருத்துவர் பலரிடம் கொண்டு சென்றும் பயனில்லை.

ஆனால், அந்த ஊர்க் குழந்தைகள் மார்கரெட்டேயைத் தனியே விட்டுவிடவில்லை. உடன்பிறந்தவர்களும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் ஒரு கைவண்டியில் அவரை உட்கார வைத்துப் பள்ளிக்கு இழுத்துச் சென்றார்கள். அவரும் வண்டியில் அமர்ந்தபடியே தெருவில் விளையாட்டுகளை நடத்துவாராம். சிறுவயது முதலே குழந்தைகள் என்ன விரும்புவார்கள், எதில் சலிப்படைவார்கள் என்பதை மிக அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

பள்ளிப் படிப்புக்குப் பின் அவர் தையல் கற்றார். வலக்கை ஒத்துழைக்காததால் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. ஆயினும், பதினேழு வயதிற்குள் பயிற்சியை முடித்துவிட்டார். தம் தமக்கையரோடு சேர்ந்து ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்தார். ஸிதர் என்னும் நரம்பிசைக் கருவியை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் பொருள் ஈட்டினார்.

பின்னர் வீட்டிற்குத் தையல் இயந்திரம் வந்தது. அங்கேதான் சிக்கல். காலால் மிதித்து ஓட்டும் இயந்திரம் அவருக்குப் பயன்படாது. கையால் சுற்றும் இயந்திரத்திலோ சக்கரம் வலப்பக்கத்தில் இருக்கும். வலக்கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இடக்கையால் துணியை நகர்த்த வேண்டும். இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் எல்லாருக்கும் வலக்கை வலுவாக இருக்கும் என்று எண்ணிச் செய்தது அது. மார்கரெட்டே இயந்திரத்தை மேசைமேல் அப்படியே எதிர்ப்புறமாகத் திருப்பி வைத்தார். இப்போது சக்கரம் அவருடைய இடப்பக்கத்திற்கு வந்துவிட்டது. இடக்கை சக்கரத்தைச் சுற்றியது. வலக்கைக்குத் துணியைப் பிடிக்கும் எளிய வேலை மட்டுமே மிஞ்சியது.

இந்தச் செய்தியை நான் படித்தது என் அம்மாவின் அருகில் உட்கார்ந்திருந்த ஒரு மாலை வேளையில். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான் அம்மாவைப் பக்கவாதம் தாக்கியிருந்தது. நடை ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு தெளிந்துவிட்டது. வலக்கை மட்டும் திரும்பவில்லை.

அம்மா தையற்காரர். பேராக்கில் நாங்கள் இரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில், தீபாவளிக்கு முந்திய இரவுகளில் எங்கள் வீட்டு விளக்கு அணையாது. தோட்டத்துப் பிள்ளைகளின் பாவாடை சட்டைகள் எல்லாம் எங்கள் வீட்டுக் கையியந்திரத்தில்தான் தைக்கப்பட்டன. அந்த இயந்திரத்தின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள் நான். தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த பிறகும் அது அம்மாவுடனேயே வந்தது. பக்கவாதத்திற்குப் பிறகு அதன்மேல் ஒரு துணி போர்த்தப்பட்டிருந்தது. நாங்கள் யாரும் அந்தத் துணியை எடுக்கவில்லை. அம்மாவும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்கரெட்டேயின் கதையை நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பட்ட துன்பத்தைக் கேட்டபோது அம்மா பெரிதாக எதுவும் சொல்லவில்லை. இயந்திரத்தைத் திருப்பி வைத்தார் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படித் திருப்பிப் போட்டால் துணி தைக்கிறவங்க பக்கமாகத்தானே வரும்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மா இடக்கையால் காற்றில் வரைந்து காட்டினார். வழக்கமாகத் தைக்கும்போது ஊசிக்குக் கீழே இருக்கும் பற்கள் துணியைத் தைப்பவரிடமிருந்து அப்பால் தள்ளும். இயந்திரத்தைத் திருப்பிவிட்டால் துணி எதிர்த்திசையில், தைப்பவரின் மடியை நோக்கி வரும். சுற்றும் திசையும் மாறிவிடும். கை பழகிய எல்லாவற்றையும் மறந்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டும். "சும்மா திருப்பி வச்சாங்கன்னு எழுதியிருக்காங்க. அது சும்மா இல்லம்மா" என்றார்.

நான் படித்த எந்த நூலும் இதை எனக்குச் சொல்லவில்லை. தையல் தெரிந்த ஒருவர்தான் சொன்னார்.

மறுநாள் நான் வேலை முடிந்து திரும்பியபோது, இயந்திரத்தின்மேல் இருந்த துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. இயந்திரம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்துத் திருப்பச் சொன்னாராம். பழைய சேலைத் துண்டு ஒன்றில் ஒரு சாண் நீளத்திற்குத் தையல் ஓடியிருந்தது. பாம்பு ஊர்ந்த தடம்போல் அது வளைந்து வளைந்து சென்றது. "முதல் நாளுக்கு இது போதும்" என்று அம்மா சொன்னார். அடுத்து வந்த வாரங்களில் தையல் நேரானது என்று நான் சொல்லமாட்டேன். வளைவுகள் குறைந்தன. நூல் அறுவது குறைந்தது. ஒரு நாள் தலையணை உறை ஒன்று முழுமையாகத் தைக்கப்பட்டது.

கீங்கனில் மார்கரெட்டேயின் தையலும் அப்படித்தான் படிப்படியாக வளர்ந்தது. 1877இல் அவர் ஃபெல்ட் துணியால் ஆன ஆடைகளுக்கென ஒரு கடையைத் தொடங்கினார். ஃபெல்ட் நெய்யப்படும் துணியன்று. கம்பளி இழைகளை நீராவியாலும் அழுத்தத்தாலும் ஒன்றோடொன்று சிக்க வைத்துச் செய்வது. அதனால் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வராது. அவருடைய உறவினர் ஒருவர் அந்த ஊரிலேயே ஃபெல்ட் தொழிற்சாலை நடத்தியதால் நல்ல துணி எளிதில் கிடைத்தது.

1879ஆம் ஆண்டின் இறுதியில், ஓர் ஆடையலங்கார இதழில் சிறு யானை ஒன்றைத் தைப்பதற்கான வரைபடம் வெளிவந்தது. அதைப் பார்த்து மார்கரெட்டே ஃபெல்ட் துணியில் யானைகளைத் தைத்தார். உள்ளே ஆட்டுக்குட்டியின் மென்மையான கம்பளியை அடைத்தார். அவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல. பெண்கள் தையல் ஊசிகளைக் குத்தி வைப்பதற்கான ஊசித் திண்டுகள். உறவினருக்கும் தோழியருக்கும் அவற்றைப் பரிசாகக் கொடுத்தார்.

ஆனால், ஊசித் திண்டு ஊசிப் பெட்டியில் தங்கவில்லை. வீட்டுக் குழந்தைகள் ஊசிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு யானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றைய ஐரோப்பாவில் பெரும்பாலான பொம்மைகள் கடினமானவை. பீங்கான் தலை கொண்ட பொம்மை கீழே விழுந்தால் உடையும். மரக்குதிரை இடித்தால் வலிக்கும். தகரத்தில் செய்த படைவீரனை அணைத்துக்கொண்டு உறங்க முடியாது. இந்த யானையோ விழுந்தாலும் உடையவில்லை, அணைத்தாலும் குத்தவில்லை. குழந்தைகள் தமக்கு வேண்டியதைத் தாமே கண்டெடுத்துக்கொண்டார்கள். மார்கரெட்டே அவர்களிடமிருந்து அதைப் பறித்து மீண்டும் ஊசிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. அவர்கள் எதைக் கண்டார்கள் என்பதைக் கவனித்தார். 1886ஆம் ஆண்டளவில் 5,000க்கும் மேற்பட்ட யானைகள் விற்பனையாகியிருந்தன. யானையைத் தொடர்ந்து குரங்கு, குதிரை, ஒட்டகம், நாய், பூனை எனப் பல விலங்குகள் வந்தன. குழந்தைகளுக்கு எது சிறந்ததோ அதைத் தவிர வேறு எதையும் கொடுக்கக்கூடாது என்பதைத் தம் தொழிலின் கொள்கையாக அவர் அறிவித்தார்.

மார்கரெட்டே திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஃபிரிட்ஸின் ஆண்மக்கள் ஒருவர்பின் ஒருவராக அத்தையின் தொழிலில் சேர்ந்தார்கள். அவர்களுள் ரிச்சர்ட் என்பவர் ஸ்டுட்கார்ட் நகரில் கலைப் பயிற்சி பெற்றவர். அங்கிருந்த விலங்குக்காட்சி சாலைக்கு அடிக்கடி சென்று கரடிகளை உற்றுநோக்கி வரைவார். கரடி உட்காரும் விதம், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் விதம் ஆகியவற்றைத் தாளில் பதிவுசெய்தார். அந்த ஓவியங்களிலிருந்துதான் 1902ஆம் ஆண்டில் கைகால்களை அசைக்கக்கூடிய கரடி பொம்மை உருவாயிற்று. அதற்கு '55 பிபி' என்று பெயரிட்டார்கள். 55 என்பது அதன் உயரம் சென்டிமீட்டரில். இரண்டு எழுத்துகளும் உரோமத் துணியையும் அசையும் தன்மையையும் குறித்தன.

1903ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் நடந்த வணிகச் சந்தையில் அந்தக் கரடி வைக்கப்பட்டது. அமெரிக்க வணிகர் ஒருவர் 3,000 கரடிகளுக்கு விருப்பாணை கொடுத்தார். அதே காலக்கட்டத்தில் அமெரிக்காவில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1902 நவம்பரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குச் சென்றபோது, மரத்தில் கட்டப்பட்டிருந்த கரடி ஒன்றைச் சுட மறுத்தார். அதைக் கிளிஃபர்ட் பெர்ரிமேன் என்ற ஓவியர் நாளிதழில் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதைக் கண்ட புரூக்ளின் கடைக்காரர்களான மோரிஸ் மிக்டமும் அவருடைய மனைவி ரோஸும் ஒரு கரடி பொம்மை செய்து, அதிபரின் செல்லப் பெயரான 'டெடி'யை அதற்குச் சூட்டினார்கள். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் ஒரே காலத்தில் கரடி பிறந்தது. பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. 'டெடி பியர்' என்று இன்று உலகமே அழைக்கும் கரடிக்கு இரு தாயகங்கள் உண்டு.

கரடி புகழ்பெற்றதும் போலிகளும் பெருகின. கீங்கனில் செய்தது எது, வேறெங்கோ மலிவாகச் செய்தது எது என்று வாங்குபவருக்குத் தெரியவில்லை. அப்போது ரிச்சர்டின் உடன்பிறந்தவரான ஃபிரான்ஸ் ஒரு வழியைச் சொன்னார். ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தானைப் பதிப்பது என்பதே அந்த வழி. 1904இல் இந்த வழக்கம் தொடங்கியது. முதற்பொத்தான்களில் துதிக்கையை உயர்த்திய யானை உருவம் இருந்தது. ஊசித் திண்டாகப் பிறந்த அந்த முதல் யானையை நிறுவனம் மறக்கவில்லை. பின்னர் குடும்பப் பெயர் பொறிக்கப்பட்டது. 1905இல் அது வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது.

பொத்தானை விளம்பரம் என்று நினைக்கலாம். எனக்கு அது ஒரு வாக்குறுதியாகத் தோன்றுகிறது. பொம்மையின் வெளிப்புறத்தைத்தான் வாங்குபவர் பார்க்க முடியும். உள்ளே நல்ல மர இழை இருக்கிறதா, தொழிற்சாலைத் தரையைப் பெருக்கிய குப்பை இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. தையல் பிரியும் நாளில்தான் அது வெளிப்படும். காதில் பெயரைப் பதித்தவர், "அந்த நாளில் என்னைத் தேடி வாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் ஏமாற்றமாட்டேன் என்பதற்கு அது ஒரு கையொப்பம்.

அந்தக் கையொப்பத்திற்குப் பின்னால் ஏராளமான கைகள் இருந்தன. 1903இல் கீங்கனில் ஒரு தொழிற்கூடம் எழுந்தது. இரும்புச் சட்டங்களும் கண்ணாடிச் சுவர்களுமாக மூன்று மாடிக் கட்டடம். இரட்டைக் கண்ணாடிச் சுவர் வழியே பகல் முழுவதும் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. தையல் வேலைக்கு வெளிச்சம்தானே முதல் தேவை! உள்ளே வேலை செய்த இளம்பெண்கள் வெளியிலிருந்து தெரிந்ததால், ஊரார் அதைக் 'கன்னியர் மீன்தொட்டி' என்று வேடிக்கையாக அழைத்தார்கள். அந்தக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது.

1907ஆம் ஆண்டில் ஏறக்குறைய 974,000 கரடிகள் கீங்கனிலிருந்து புறப்பட்டன. தொழிற்சாலையில் 400 பேர் வேலை செய்தார்கள். அவர்களைத் தவிர 1,800 பேர் தத்தம் வீடுகளில் இருந்தபடியே தைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு, விளக்கொளியில் கரடிகளின் காதுகளையும் பாதங்களையும் தைத்த அந்தக் கைகளை என்னால் எளிதாகக் கற்பனை செய்ய முடிகிறது. தோட்டத்து வீட்டில் அப்படிப்பட்ட இரவுகளைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா நான்! பொத்தானில் ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கிறது. அந்த 1,800 பேரின் பெயர்கள் எந்தக் காதிலும் இல்லை. ஆனால், மூக்கையும் வாயையும் கையால் தைத்ததால் ஒவ்வொரு கரடியின் முகமும் சற்றே வேறுபட்டது. ஒன்று சிரிப்பதுபோல் இருக்கும். மற்றொன்று ஏதோ யோசிப்பதுபோல் இருக்கும். தைத்தவர் விட்டுச் சென்ற அடையாளம் அதுதான்.

மார்கரெட்டே 1909ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் காலமானார். அவருக்குப் பின் போர்கள் வந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு உரோமத் துணி கிடைக்காத நிலையில், காகித இழையில் நெய்த துணியைக்கூடப் பயன்படுத்திக் கரடிகளைச் செய்தார்கள். மூலப்பொருள் தட்டுப்பட்ட காலத்திலும் தொழிலை விட்டுவிடாமல் காத்தார்கள். இன்று கீங்கனில் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. 2005இல் திறக்கப்பட்ட அதைப் பார்க்கப் பல நாட்டவர் வருகிறார்கள்.

பழைய கரடிகளின் விலையும் வானளாவ உயர்ந்துவிட்டது. 1904ஆம் ஆண்டைச் சேர்ந்த 'டெடி கேர்ள்' என்ற கரடி 1994இல் லண்டன் ஏலத்தில் 110,000 பவுனுக்கு விலைபோனது. அதை வாங்கியவர் ஜப்பானியத் தொழிலதிபர். இத்தகைய சந்தையில் உரோமம் தேயாத, நிறம் மங்காத கரடிக்கே மதிப்பு அதிகம். இதில் ஒரு முரண் இருக்கிறது. குழந்தை விளையாடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள், எந்தக் குழந்தையும் தொடாமல் இருந்தால்தான் விலை கூடுகிறது!

என் கரடியின் கிழிந்த பாதத்தைப் பார்த்த அம்மா, ஒரு நாள் அதைத் தம்மிடம் கொடுக்கச் சொன்னார். கைவினைக் கடையில் வாங்கிய ஃபெல்ட் துண்டை அளந்து வெட்டினார். கரடியை வலக்கையின் முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டார். இடக்கையால் ஊசியைப் பிடித்து, வெளியே வந்திருந்த மர இழைகளை உள்ளே தள்ளி, ஒவ்வொரு தையலாகப் போட்டார். இரண்டு மாலைகள் ஆயின. புதிய துணியின் நிறம் பழைய துணியோடு சற்றும் பொருந்தவில்லை. தையல்களும் ஒரே அளவில் இல்லை.

பொம்மைகள் சேகரிக்கும் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வருந்தினார். "மூலத் துணியை அப்படியே விட்டிருக்க வேண்டும். பழுது பார்த்தது வெளியே தெரிந்தால் மதிப்புக் குறைந்துவிடும்" என்றார். அவர் சொன்னது சந்தையின் கணக்கில் சரிதான். சேகரிப்பவர்கள் மூலப்பொருளைக் காப்பாற்ற நினைப்பதிலும் நியாயம் உண்டு. அவர்கள் இல்லையென்றால் நூறாண்டுக் கரடிகள் நமக்குப் பார்க்கக் கிடைக்கா. ஆனால், என் கணக்கு வேறு. ஐந்து மாதங்கள் மடியில் அசையாமல் கிடந்த கைக்குத் துணையாக மற்றொரு கை செய்த வேலை அது. இயந்திரத்தைத் திருப்பி வைத்த ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கிய பொம்மைக்கு, இயந்திரத்தைத் திருப்பி வைத்த இன்னொரு பெண் தைத்த தையலைவிடப் பொருத்தமான தையல் எது?

மரபு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் அருங்காட்சியகங்களையும் கண்ணாடிப் பேழைகளையும் நினைக்கிறோம். பழைய பொருளைக் காப்பது மரபின் ஒரு பகுதியே. அதைச் செய்தவர் எப்படிச் சிந்தித்தார், எதை விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பதைக் கற்றுக்கொள்வது அதன் மறுபகுதி. மார்கரெட்டே தமக்கு ஒத்துவராத இயந்திரத்தோடு சண்டையிடவும் இல்லை. தையலைக் கைவிடவும் இல்லை. இயந்திரத்தின் எந்தப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தார். தாம் செய்த ஊசித் திண்டைக் குழந்தைகள் பொம்மையாக்கியபோது, அவர்களைத் திருத்தாமல் தம் எண்ணத்தைத் திருத்திக்கொண்டார். உள்ளே அடைக்கும் கம்பளியையும் வெளியே தெரியும் துணியைப் போலவே நல்லதாகத் தேர்ந்தெடுத்தார். இவற்றுக்கு ஏலத்தில் விலை கூற முடியாது. ஆனால், தையலோ தச்சோ சமையலோ எழுத்தோ, எந்தத் தொழிலைச் செய்பவரும் இவற்றைக் கீங்கனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலும் பழைய பொம்மை ஒன்று ஏதாவது ஒரு பெட்டியில் கிடக்கலாம். அதன் காதில் பொத்தான் இருக்காது. பெரும்பாலும் அது விலைமதிப்பற்ற கரடியாகவும் இருக்காது. ஆயினும், தூக்கி எறியும் முன் அதைத் திருப்பி அதன் தையலைப் பாருங்கள். எங்கோ ஒருவர், தாம் ஒருபோதும் பார்க்கப்போகாத ஒரு குழந்தைக்காக, அந்தத் தையல் பிரிந்துவிடக் கூடாதே என்று கடைசி முடிச்சை இறுக்கிப் போட்டிருப்பார்.